ஆளில்லாத வீடும் அதன் சொந்தக்காரரும்: ஒரு பிரிட்டிஷ் நாடகத்தை வன்னியிலிருந்து மீண்டும் பார்த்தல்

முகக்கவசம் அணிந்த விஞ்ஞானி ஒருவரின் கையிலிருந்து கண்ணாடிக் குடுவை ஒன்று நழுவி விழுந்து உடைகிறது. அவர் விமானம் ஏறுகிறார். கடவுச்சீட்டில் முத்திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. ஒரு வார்த்தைகூடப் பேசப்படாத இந்த முகப்புக் காட்சியுடன் பி.பி.சி. தொலைக்காட்சி 1975 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 ஆம் திகதி 'சர்வைவர்ஸ்' என்னும் தொடர் நாடகத்தை ஆரம்பித்தது. தப்பிப் பிழைத்தவர்கள் என்று தமிழில் அதனைக் கூறலாம். 1977 ஆம் ஆண்டு வரை மூன்று பகுதிகளாக 38 அங்கங்கள் ஒளிபரப்பாகின. 2008 இல் பி.பி.சி. இதே கதையைப் புதிதாகத் தயாரித்ததாயினும் பழைய நாடகத்தின் பெயரே இன்றும் நிலைத்து நிற்கின்றது.

இந்நாடகம் முதன்முதலில் வெளியான வேளையில் இலங்கையில் தொலைக்காட்சியே இருக்கவில்லை. 1979 இல்தான் சுயாதீன தொலைக்காட்சி சேவை தொடங்கியது. ரூபவாஹினி 1982 இல் வந்தது. ஆதலால் எம்மவர்களில் மிகச் சிலரே இதனைப் பார்த்திருப்பர். 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது, கொள்ளைநோயை முன்கூட்டியே கற்பனை செய்த பழைய படைப்புக்களை உலகெங்கும் பலர் தேடிப் பார்த்தனர். அப்போது இதுவும் மீண்டும் பேசப்பட்டது. முதல் ஒளிபரப்பிலிருந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்ட இவ்வேளையில் நாமும் இதனை மறுபடியும் பார்த்தோம். பிரிட்டிஷ் விமர்சகர்கள் இதனைக் கொரோனாவோடு ஒப்பிட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளை அறிந்தவர்களுக்கோ கொரோனா நினைவுக்கு வருவதற்கு முன்பே வேறு பல நினைவுக்கு வந்துவிடுகின்றன.

நாடகத்தை உருவாக்கியவர் டெரி நேஷன். 'டாக்டர் ஹூ' தொடரில் வரும் டாலெக் எனும் இயந்திர எதிரிகளைப் படைத்தவரும் இவரே. ஆனால் இந்நாடகத்தில் விந்தை இயந்திரங்கள் எவையும் இல்லை. நோய் பரவுகின்றது, சில நாட்களில் மிகச் சிலரைத் தவிர அனைவரும் இறந்து போகின்றனர். அபி கிராண்ட் என்னும் வசதியான குடும்பத்துப் பெண் நோயில் வீழ்ந்து, மயக்கம் தெளிந்து எழும்போது கணவர் இறந்து கிடக்கின்றார். விடுதிப் பாடசாலையில் படிக்கும் மகன் பீட்டரைத் தேடிச் செல்கின்றாள். மகன் அங்கு இல்லை. வயோதிப ஆசிரியர் ஒருவர் மாத்திரம் இருக்கின்றார். கடைகளில் எஞ்சியிருப்பவற்றை எடுத்து வாழும் காலம் விரைவில் முடிந்துவிடும் என்றும், அன்றாடம் கையாளும் ஒவ்வொரு பொருளையும் மனிதர் முதலிலிருந்து செய்யக் கற்கவேண்டி வரும் என்றும் அவர் அவளுக்கு எடுத்துரைக்கின்றார். வீடு திரும்பிய அபி தன் கூந்தலைக் கத்தரிக்கின்றாள். கணவரின் உடலோடு வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுப் புறப்படுகின்றாள்.

அந்த ஆசிரியரின் பாடத்தை வன்னி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் படித்தது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை 2002 ஜனவரி வரை நீடித்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, இரசாயன உரம் முதலியன தடைசெய்யப்பட்டன. சவர்க்காரம், தீப்பெட்டி போன்ற சாதாரண பொருட்களுக்கும் அளவு விதிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பெருந்தொகையானோர் கிளாலி நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்ததும், இருந்த கொஞ்சத்தையும் பலமடங்கு மக்கள் பகிரவேண்டியதாயிற்று.

அக்காலத்துக் கைவினைகளை இன்றைய இளைஞர் அறியார் என்பதால் சிலவற்றைச் சற்று விரித்துக் கூறுவது பொருந்தும். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உதைத்துக் கிளப்புவார்கள். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு வண்டி போகும். பெற்றோல் ஒரு சிறு போத்தலில் மருந்தைப்போலப் பேணப்பட்டது. இரவு வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. போத்தலின் அடியில் பஞ்சில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெயே அதற்குப் போதும். தீர்ந்த பற்றரிகள் வெயிலில் காயவைக்கப்பட்டன. சிலர் அவற்றில் துளையிட்டு உப்புநீர் ஊற்றி இன்னும் சில மணிநேர ஆயுளைப் பெற்றனர். பனம்பழச் சாறு துணி வெளுத்தது. சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டி துணைபுரிந்தது.

வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிபலகையைக் கையால் சுற்றுவார்கள். டைனமோ சக்கரத்தில் உராய்ந்து மின்சாரம் பிறக்கும். அது ஆடலோட்ட மின்சாரமாதலால் வானொலிக்கு நேராகக் கொடுக்க இயலாது. இடையில் டயோட் ஒன்றைப் பொருத்த வேண்டும். பௌதிகவியல் பாடத்தை ஆசிரியர்கள் இவ்வாறுதான் முற்றத்தில் கற்பித்தார்கள் எனலாம். ஒருவர் சுற்ற, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டது பெரும்பாலும் பி.பி.சி.யின் தமிழோசையையே. 'சர்வைவர்ஸ்' நாடகத்தைத் தயாரித்த அதே நிறுவனத்தின் குரல், அந்நாடகத்தில் வரும் மனிதர்களைப் போன்றே வாழ்ந்துகொண்டிருந்தவர்களிடம் இவ்வாறு வந்து சேர்ந்தது.

நாடகத்தில் பெற்றோலே பணமாகின்றது. முதற் பகுதியின் இறுதியை அண்டிய அங்கமொன்றில், வெள்ளத்தில் உணவுக் கையிருப்பை இழந்த சிறு சமூகம் தம்மிடமுள்ள எரிபொருள் தாங்கி வண்டியைக் கொடுத்து உணவு பெற எண்ணுகின்றது. மூன்றாம் பகுதியில் ஒருபடி மேலே சென்று, பெற்றோலைப் பின்னணியாகக் கொண்ட நாணயத்தாளே அச்சிடப்படுகின்றது. வன்னியில் புழங்கியது இலங்கை ரூபாவே. ஆனால் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு எத்தனை கொத்து நெல் என்று கணக்கிட்டுப் பார்த்த விவசாயிக்கு அந்தக் காட்சி அதிசயமாகத் தோன்றாது. உரம் வராததால் விளைச்சல் குறைந்தது. விளைந்த நெல்லையும் வெளியே கொண்டுசென்று நல்ல விலைக்கு விற்க வழியில்லை. இரணைமடுக் குளத்தில் நீர் நிறைந்திருந்தும் கமக்காரன் கடனாளியானான்.

ஆனால் இரண்டு இடங்களில் நாடகம் எமது அனுபவத்தோடு ஒட்டவில்லை. ஒன்று, அதன் மாந்தர்கள் பெரும்பாலும் நகரத்து நடுத்தர வர்க்கத்தினர். நிலத்தைக் கொத்துவதையே அவர்கள் புதிதாகக் கற்கின்றனர். வன்னி மக்களுக்கு அதை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களிடம் இல்லாதிருந்தது கைத்திறன் அன்று, மருந்து. தொண்ணூறுகளில் மலேரியா வன்னியை வாட்டியது. எந்த ஊர்ப் பெரியவரும் குளோரோகுயின் குளிசையைத் தன் முற்றத்தில் செய்துவிட முடியாது. நாடகத்தில் கிரெக் பிரெஸ்டன் என்னும் திறமை மிக்க பொறியியலாளரும் இறுதியில் பெரியம்மையாலேயே மாள்கின்றார். தன்னிறைவு பற்றி இன்று மேடைகளில் ஏக்கத்தோடு பேசுவோர் பலர் உளர். அவர்கள் அந்தக் காலத்தில் காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தாயிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். (2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.)

மற்றையது, நாடகத்தில் அரசு முற்றாக அழிந்துவிடுகின்றது. வன்னியிலோ இரண்டு அதிகாரங்கள் ஒரே நிலத்தில் நின்றன. புலிகளின் காவல்துறையும் நீதிமன்றமும் வரியும் பாஸ் நடைமுறையும் ஒருபுறம் இருந்தன. கொழும்பிலிருந்து சம்பளம் பெற்ற அரசாங்க அதிபரும் ஆசிரியரும் வைத்தியரும் மறுபுறம் இருந்தனர். குண்டு விழும் மாதத்திலும் பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாள் வந்தது; பிள்ளைகள் பரீட்சை எழுதினர். இத்தகைய நிலைமையை டெரி நேஷன் எழுதியிருந்தால் பார்வையாளர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

சட்டம் பற்றிய அங்கங்கள் அக்காலப் பிரிட்டனுக்கு வெறும் கற்பனையாக இருந்திருக்கலாம். எமக்கு அவ்வாறன்று. ஆர்தர் வோர்ம்லி என்னும் முன்னாள் தொழிற்சங்கத் தலைவர் துப்பாக்கி ஏந்திய சிலரைச் சேர்த்துக்கொண்டு, எஞ்சிய பொருட்கள் அனைத்தும் தமது நிர்வாகத்துக்கே உரியன என அறிவிக்கின்றார். உணவு தேடிக் கடையொன்றுக்குள் நுழைவோர் அங்கே தொங்கும் சடலத்தைக் காண்கின்றனர். அதில் 'கொள்ளையன்' என்று எழுதிய அட்டை. எண்பதுகளில் வடபகுதியின் மின்கம்பங்களில் கட்டப்பட்ட உடல்களையும், அவற்றின் கழுத்தில் தொங்கிய அட்டைகளையும் கண்டவர்கள் இந்தக் காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இன்னொரு அங்கம் இதனிலும் கடினமானது. பார்னி என்னும் மனவளர்ச்சி குன்றியவன்மீது கொலைக் குற்றம் சுமத்தப்படுகின்றது. நல்லவர்கள் என்று நாம் நம்பியவர்களே வாக்கெடுத்து அவனுக்கு மரணம் விதிக்கின்றனர். கிரெக் அதை நிறைவேற்றுகின்றார். பின்னர்தான் உண்மைக் கொலையாளி டொம் பிரைஸ் என்று தெரிய வருகின்றது. வேலைக்கு ஆட்கள் தேவை என்ற காரணத்தால் அந்த உண்மை ஏனையோரிடமிருந்து மறைக்கப்படுகின்றது. இந்த மறைப்பே அந்த அங்கத்தின் உயிர்நிலை என்பது எமது எண்ணம். பிழையான தீர்ப்பை எந்தச் சமூகமும் வழங்கிவிடலாம். ஆனால் பிழை என்று தெரிந்த பின்னர் அதைப் பேசாமல் விடுவது வேறு விடயம். எமது பக்கத்தில் அவ்வாறு பேசப்படாமல் விடப்பட்டவை அநேகம்.

அவற்றுள் ஒன்று ஆளில்லாத வீடுகள் பற்றியது. நாடகத்தை இம்முறை பார்த்தபோது எம்மை மிகவும் உறுத்தியதும் அதுவே.

'சர்வைவர்ஸ்' மாந்தர்கள் பெரிய மாளிகை ஒன்றுக்குள் சென்று குடியேறுகின்றனர். கட்டில், பாத்திரம், கம்பளி, தோட்டத்துக் கருவிகள் எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன. எடுத்துக்கொள்வதில் எவருக்கும் மனக்கூச்சம் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் இறந்துவிட்டனர். நாடகம் பார்வையாளருக்கு வழங்கும் மிகப் பெரிய ஆறுதல் இது. உலகம் அழிந்துவிட்டது, ஆனால் உங்களிடம் வந்து கேட்பதற்கு ஒருவரும் மிஞ்சவில்லை.

வன்னியில் ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் ஆள் இருந்தார். அவர் வேறெங்கோ உயிரோடு இருந்தார்.

1990 ஒக்டோபரின் கடைசி இரு வாரங்களில் வடமாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75 ஆயிரம் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆகிய ஊர்களின் மக்களும் அவர்களுள் அடங்குவர். சில உடுப்புக்களும் சிறு தொகைப் பணமும் தவிர வேறெதனையும் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படவில்லை. காணி உறுதிகளைக்கூடப் பலரால் எடுத்துச்செல்ல முடியவில்லை. அவர்களிற் பெரும்பாலானோர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். அபி தன் வீட்டைத் தானே எரித்துவிட்டுப் புறப்பட்டாள், திரும்பி வரப்போவதில்லை என்ற தீர்மானத்தோடு. இவர்களோ அடுப்பில் உலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அடுத்த வாரம் திரும்பிவிடலாம் என்று எண்ணியவர்களும் இருந்தனர்.

அந்த வீடுகளுக்குள் பின்னர் யார் இருந்தார்கள்? இக்கேள்வியைத் தமிழ்ப் பத்திரிகைகள் அதிகம் கேட்டதில்லை. பதில் எளிமையானதாக இல்லாதமை ஒரு காரணமாக இருக்கலாம். சில வீடுகளின் ஓடும் மரமும் கதவு நிலைகளும் கழற்றப்பட்டன. சில வீடுகளில், குண்டுவீச்சுக்கு அஞ்சி எங்கிருந்தோ ஓடிவந்த தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்தன. தங்குவதற்கு மரநிழலும் கிடைக்காதவன் கூரையுள்ள இடத்தில் ஒதுங்கியதைக் குற்றமென்று எவரும் கூற மாட்டார். அவனுடைய சொந்த வீடும் எங்கோ ஓரிடத்தில் பூட்டியோ உடைந்தோ கிடந்தது. அதற்குள் ஒருவேளை இராணுவம் இருந்தது. ஆனால் தான் தங்கிய வீட்டின் சொந்தக்காரர் போரில் ஓடிப்போனவரல்லர், துரத்தப்பட்டவர் என்ற உண்மை ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கியது. ஆளில்லாத வீடு, சொந்தக்காரர் இல்லாத வீடாக மாறியது. நோய் எதுவும் இன்றியே நாடகத்தின் நியாயம் இங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது.

சமாதான காலத்தில் 2002 ஏப்ரல் 13 ஆம் திகதி புலிகளின் தலைவர் பிரபாகரனும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் வன்னியில் சந்தித்து முஸ்லிம்களின் மீள்திரும்புகை குறித்து உடன்பாடு கண்டனர். ஏ-9 பாதை திறந்தது. சிலர் வந்து பார்த்தனர். ஆயினும் பெரிய அளவில் எதுவும் நிகழவில்லை. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடியும் மூடப்பட்டது. 2009 இன் பின்னர் வந்தவர்கள் கண்டது காட்டை. இருபது ஆண்டுகளில் வளவுக்குள் மரம் வளர்ந்திருந்தது. அந்த மரங்களைக் காட்டி, இது வனத்துக்குரிய நிலம் என்ற வாதமும் எழுந்தது. ஒரு குடும்பமாகச் சென்றவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாகத் திரும்பியதால் பழைய காணி போதவில்லை. புதிய காணி வழங்கும் பேச்சு எழுந்தபோது முல்லைத்தீவில் தமிழர்களும் முஸ்லிம்களும் எதிரெதிரே நின்றனர். திட்டமிட்ட குடியேற்றங்களால் நிலத்தை இழந்த அனுபவம் உடைய தமிழரின் அச்சம் பொய்யானதல்ல. ஆனால் அந்த அச்சத்தை, அதே மண்ணில் பிறந்து துரத்தப்பட்டவர்மீது இறக்கி வைப்பது நியாயமும் ஆகாது.

தமிழர்களுக்கும் ஆளில்லாத வீட்டின் கதை பின்னர் நேர்ந்தது. 2008 இன் பிற்பகுதியில் வன்னியின் மேற்கிலிருந்து கிழக்காக மக்கள் ஓடத் தொடங்கினர். 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சிக்குள் நுழைந்தபோது நகரத்தில் மக்கள் இருக்கவில்லை. கூரைகள் இல்லை, கதவுகள் இல்லை. மக்கள் கழற்றியெடுத்துச் சென்றவை வழிநெடுக உழவு இயந்திரப் பெட்டிகளில் கிடந்தன. விழுந்துகிடந்த பெரிய நீர்த்தாங்கியைப் பார்க்கப் போரின் பின்னர் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தவர்கள் புகைப்படம் எடுத்துச் சென்றனர். உலகம் அழிந்த கதைகளில் வரும் காட்சி போன்று அது அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். அந்தத் தாங்கியின் நீரைக் குடித்தவர்கள் அப்போது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின்கீழ் இருந்தனர். போரின் முடிவில் வன்னியிலிருந்து வெளியேறி முகாம்களில் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர்.

2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது முல்லைத்தீவு கேப்பாப்புலவு மக்கள் தமது ஊருக்கு அனுப்பப்படவில்லை. வேறோர் இடத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களது ஊருக்குள் படையினர் இருந்தனர். 2017 ஜனவரி இறுதியில் பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாயிலில் அமர்ந்தனர். பெண்களும் குழந்தைகளும் இரவு பகலாக வீதியோரத்தில் கிடந்தனர். மார்ச் 1 ஆம் திகதி அவர்களது காணி விடுவிக்கப்பட்டது. அந்நாட்களில் நீராவிப்பிட்டி முஸ்லிம் ஒருவரும் பிலவுக்குடியிருப்புத் தமிழர் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தத்தம் காணியைப் பற்றிக் கூறியிருந்தால், ஊர்ப் பெயரைத் தவிர வேறொன்றையும் மாற்றவேண்டி வந்திராது.

இங்கே சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் 1871 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின்படி, தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டு அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். சாதாரண காலத்தில் இதற்கொரு நியாயம் உண்டு. தன் காணியைத் திரும்பியும் பாராதவன் குறைகூற முடியாது. ஆனால் சோதனைச் சாவடியும் கண்ணிவெடியும் குறுக்கே நின்றவனை, வந்து பார்க்காதவன் என்று எவ்வாறு கூறுவது? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இதற்காகவே இயற்றப்பட்டது. ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தன் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தவருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்கப்படலாகாது என்பது அதன் சாரம். ஆளில்லாத வீட்டுக்கும் ஆள் உண்டு என்பதை நாடாளுமன்றம் எழுத்தில் ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பம் அது.

ஆனால் வன்னியின் காணிகளிற் பெரும்பங்கு உறுதிக் காணியன்று, குடியேற்றத் திட்டங்களின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அனுமதிப்பத்திரம் தறப்பாளோடு எரிந்துபோனவர், நந்திக்கடலைக் கடக்கும்போது தொலைத்தவர், அதைப் பெற்ற தந்தையையே இழந்தவர் பிரதேச செயலகப் படிகளில் எதைக் காட்டுவார்? இந்நிலையில்தான் 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் வடக்கில் பெரும் கலக்கத்தை ஏற்படுத்தியது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் சுமார் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரவேண்டும், தவறின் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்பதே அதன் பொருள். இடம்பெயர்ந்து கனடாவிலும் தமிழகத்து முகாம்களிலும் புத்தளத்திலும் இருப்போருக்கு மூன்று மாதம்! ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது; அரசாங்கமும் அறிவித்தலைக் கைவிட்டது. அந்தக் கலக்கத்தின்போது முஸ்லிம்களின் காணியைப் பற்றியும் சேர்த்துப் பேசிய தமிழ் அரசியல்வாதிகள் எத்தனைபேர் என்று எண்ணிப் பார்த்தால் கைவிரல்களே மிஞ்சும்.

நாடகத்தின் கடைசி அங்கத்தில் ஸ்கொட்லாந்தின் நீர்மின் நிலையமொன்று மீண்டும் இயக்கப்படுகின்றது. விளக்குகள் எரிகின்றன. பெரும்பாலான பார்வையாளர்களுக்குக் கதை அத்துடன் நிறைவு பெறுகின்றது. வன்னிக்கும் மின்சாரம் வந்தது. காபற் வீதி வந்தது. யாழ்தேவி வந்தது. வங்கிகளும் வந்தன, தவணைக்கு வாங்கிய உழவு இயந்திரத்தைப் பறித்துச் செல்லும் கம்பனிகளும் உடன் வந்தன. 1990 முதல் படைமுகாமாகவும் போர்க்களமாகவும் கிடந்த ஆனையிறவில் உப்பு மறுபடியும் விளைகின்றது. நாடகத்தின் மனிதர்கள் கனவு கண்டவை எல்லாம் இங்கே நடந்துவிட்டன என்று ஒருவர் வாதிக்கலாம்.

ஆனால் அபி கிராண்ட் அந்தக் கடைசி அங்கத்தில் இல்லை. மகனைத் தேடிப் புறப்பட்டதில்தான் இந்தக் கதையே தொடங்கியது. முதற் பகுதி முடியும்போது பீட்டரைக் கண்டதாக ஒரு தகவல் கிடைக்க, அவள் புறப்பட்டுப் போகின்றாள். அபியாக நடித்த கரோலின் சீமோர் அத்துடன் தொடரிலிருந்து நீங்கினார். தயாரிப்பாளர் டெரன்ஸ் டட்லியோடு முரண்பட்ட டெரி நேஷனும் விலகிக்கொண்டார். அபி இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றாள் என்று ஏனையோர் பின்னர் கூறுவதோடு சரி. சந்தை கூடுகின்றது, புகைவண்டி ஓடுகின்றது, நாணயத்தாள் அச்சாகின்றது. பீட்டர் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் தொலைக்காட்சி பதில் கூறவேயில்லை.

1976 இல் தாம் எழுதிய நாவலில் டெரி நேஷன் ஒரு பதிலைத் தந்தார். அதில் தாய் மகனைக் கண்டடைகின்றாள். ஆனால் துப்பாக்கி ஏந்தி நிற்கும் அந்த இளைஞன், வருபவள் யாரென்று அறியாமலே அவளைச் சுட்டுவிடுகின்றான். வன்னியில் போரின் இறுதி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்ட சிறுவர்களின் தாய்மார் இந்த முடிவைப் படித்தால் என்ன நினைப்பார்களோ நாம் அறியோம்.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்தனர். அதனைத் தொடர்ந்து வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கொட்டகைகள் எழுந்தன. படையினரிடம் தம் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைகளின் படங்களை ஏந்தியவர்கள் அங்கு இருந்தனர். புலிகள் கொண்டுசென்ற பிள்ளைகளின் படங்களை ஏந்தியவர்களும் இருந்தனர். காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டனர். அவர்களின் படங்களும் அதே கொட்டகைகளில், அவர்கள் தேடிய பிள்ளைகளின் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டன.